மறுப்பு தீர்ந்த பிறகு

துப்பறியும் நாவல்களை வரிசையாக எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு புத்தகத்திலும் புதிதாக ஒரு பிணம் விழும். துப்பறிகிறவர் பழையபடியே இருந்துகொள்ளலாம். காதல் நாவல் எழுதுகிறவருக்கு வேறொரு வசதி: கல்யாணத்தோடு முடித்துக்கொள்ளலாம். காமத்தை நடுவில் வைத்துப் பத்து, இருபது, முப்பது பாகம் எழுதுகிறவருக்கு இந்த இரண்டும் இல்லை. முதல் பாகத்தில் இருவருக்குள் நடந்தது பத்தாம் பாகத்திலும் நடந்ததுதான். அழித்துவிட்டு மறுபடி தொடங்க முடியாது. உடல்களால் செய்யக்கூடியவையோ கொஞ்சம்தான். அப்படியிருந்தும் இத்தகைய வரிசைகள் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன. எதை வைத்து ஓடின?

சூட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள் என்பது வழக்கமான பதில். இரண்டு மூன்று பாகங்களுக்கு அது உண்மை. அதற்குமேல் எவ்வளவு ஏற்றினாலும் வாசகருக்குப் பழகிவிடும். பாகங்களை அடுக்கி வைத்துப் படித்தால், படுக்கையறைக் காட்சிகள் பெரிதாக மாறுவதே இல்லை என்பது தெரியும். மாறுவது அந்தக் காட்சிக்கு முன்னால் நிற்கும் மறுப்பு. ஒருவர் 'வேண்டாம்' என்றால் கதை அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது, அதற்குப் பின் என்ன ஆகிறது என்பதைக் கவனித்தால் ஒரு வரிசையின் மொத்தப் போக்கும் பிடிபடும். ஆங்கிலத்தில் பரவலாக விற்ற மூன்று வரிசைகளை இந்தக் கோணத்தில் பார்க்கலாம்: ஜான் நார்மனின் 'கோர்', லாரல் கே. ஹாமில்டனின் 'அனிட்டா பிளேக்', ஈ. எல். ஜேம்ஸின் 'ஃபிஃப்டி ஷேட்ஸ்'.

கோர்: வாளில் தொடங்கி வாதத்தில் நின்றது

'கோர்' வரிசையின் முதல் நாவலான 'டார்ன்ஸ்மன் ஆஃப் கோர்' 1966-ல் பாலன்டைன் பதிப்பகத்தில் வந்தது. ஜான் நார்மன் புனைபெயர். எழுதியவர் ஜான் ஃபிரெடரிக் லாங், நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். சூரியனுக்கு மறுபுறம் பூமியின் கண்ணில் படாமல் சுற்றும் ஒரு கோள். அங்கே பழைய கிரேக்க, ரோமானிய நகரங்களைப் போன்ற அரசுகள், ராட்சதப் பறவைகளின்மேல் ஏறிப் போரிடும் வீரர்கள், ஊரெங்கும் அடிமைகள். எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க்கிரகச் சாகசக் கதைகளுக்கு இது நேர் வாரிசு. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கும் டார்ல் கேபட் என்ற இளைஞன் அந்தக் கோளுக்குக் கொண்டுபோகப்படுகிறான்.

தொடக்கப் பாகங்களில் கேபட் அந்த உலகத்து அடிமைமுறையை ஒரு பூமிக்காரனின் கூச்சத்தோடு பார்க்கிறான். கதையில் காமம் உண்டு, ஆனால் ஓரத்தில். கேபட்டின் கூச்சமே அதற்கு அணை. அந்த அணை உடைவது ஆறாம் பாகத்தில், 1971-ல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் கோர்' நாவலில். சதுப்புநில மக்களிடம் சிக்கும் கேபட்டுக்கு மானத்தோடு சாவதா, அடிமையாகி உயிர் பிழைப்பதா என்ற நெருக்கடி. அவன் உயிரைத் தேர்கிறான். தன்னைப் பற்றி அவன் வைத்திருந்த மதிப்பு அன்றோடு போய்விடுகிறது. பிறகு போர்ட் கார் என்னும் கடற்கொள்ளையர் நகரத்தில் வேறு பெயரோடு, இரக்கமற்ற வேறு ஆளாக எழுகிறான். கதையாக இது வலுவான திருப்பம். வரிசையின் மிச்ச வரலாற்றையும் இதுவே தீர்மானித்தது.

அடுத்த ஆண்டே வந்த ஏழாம் பாகம் 'கேப்டிவ் ஆஃப் கோர்' கதைசொல்லியை மாற்றியது. இப்போது பேசுவது எலினோர் பிரின்டன் என்ற நியூயார்க் பணக்காரப் பெண். அவள் கடத்தப்படுகிறாள், அடிமையாக்கப்படுகிறாள், எதிர்க்கிறாள், கடைசியில் அடிமைத்தனமே தன் இயல்பு என்று சொல்லிவிடுகிறாள். இந்த அச்சு நார்மனுக்குப் பிடித்துவிட்டது. 1977-ல் 'ஸ்லேவ் கேர்ள்', 1983-ல் 'கஜீரா', 1985-ல் 'டான்சர்' எனப் பெண்குரலில் வந்த பாகங்கள் பெரும்பாலும் அதே தடத்தில் சென்றன. ஓர் ஆண் தான் நிறுவ நினைத்த கருத்தை, அந்தக் கருத்தால் பாதிக்கப்படுகிறவளின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கும் உத்தி இது. 1980, 1981-ல் வந்த மூன்று பாகங்களில் பூமியிலிருந்து வந்த ஜேசன் மார்ஷல் என்ற ஆண் அடிமையாகிறான். நாணயத்தின் மறுபக்கத்தைக் காட்டப்போகிறார் என்று தோன்றும். மார்ஷல் எஜமானனாக உயர்ந்து முடிய, பழைய முடிவுக்கே வந்து சேர்கிறோம்.

இந்த வரிசையில் மறுப்புக்கு ஒரே ஒரு வேலைதான்: முறியடிக்கப்படுவது. எந்தப் பெண் எதிர்த்தாலும் எங்கே போய் நிற்பாள் என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துவிட்ட இடத்தில் எதிர்பார்ப்புக்கு இடமில்லை. அந்த வெற்றிடத்தில் நார்மன் சொற்பொழிவுகளை வைத்தார். ஆணின் இயல்பு, பெண்ணின் இயல்பு, நவீன நாகரிகம் இரண்டையும் எப்படிக் கெடுத்தது என்று கதைமாந்தர்கள் பக்கம்பக்கமாகப் பேசுகிறார்கள். ஹோமர், ஃபிராய்ட், நீட்ஷே ஆகியோரைத் தன்மேல் தாக்கம் செலுத்தியவர்களாக அவர் குறிப்பிட்டதுண்டு. அந்தப் பெயர்களின் கனம் வாதத்தில் இல்லை. நீளம் மட்டும் இருக்கிறது. வன்முறையால் பெறப்பட்ட உடன்பாட்டை இயற்கை விதி என்று நிறுவ முயல்கிறவர், ஒவ்வொரு பாகத்திலும் அதைப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கிறது. உண்மையிலேயே இயற்கையாக இருந்தால் இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்காது.

அமெரிக்காவில் பெண்ணிய இயக்கத்தின் இரண்டாம் அலை வீசிய அதே ஆண்டுகளில் இந்த நாவல்கள் மலிவுவிலை அறிவியல் புனைவாகக் கடை அலமாரிகளில் நின்றன. எட்டாம் பாகத்திலிருந்து டா புக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 1988-ல் 25-ஆம் பாகத்தோடு அந்த உறவு முடிந்தது. அடுத்த நாவல் வர 2001 ஆகிவிட்டது. பிறகு சிறு பதிப்பகங்கள், மின்நூல்கள் வழியாக வரிசை 35 பாகங்களைத் தாண்டியது. சாகசத்துக்காகப் படித்தவர்கள் பலர் நடுவழியில் இறங்கிவிட்டார்கள். கருத்தோடு ஒத்துப்போனவர்கள் தங்கினார்கள். எழுத்தாளர் தன் வாசகர்களை வடிகட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

அனிட்டா பிளேக்: விரதம், வேட்கை, வீடு

பாகங்களினூடே ஒரு வரிசை அடையாளம் தெரியாமல் மாறியதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 'அனிட்டா பிளேக்'. முதல் நாவல் 'கில்ட்டி பிளஷர்ஸ்' 1993-ல் ஏஸ் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பாக வந்தபோது அதைக் காமப் புனைவு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரம். ரத்தக்காட்டேரிகளுக்குச் சட்டப்படி குடியுரிமை கிடைத்துவிட்ட ஒரு மாற்று அமெரிக்கா. அனிட்டாவின் பிழைப்பு, கட்டணம் வாங்கிக்கொண்டு செத்தவர்களை எழுப்புவது. உயில் தகராறுக்குச் செத்தவரையே சாட்சியாகக் கூப்பிடலாம் என்பது போன்ற நடைமுறைக் குறும்புகள் நிறைந்த உலகம் அது. கூடவே போலீசுக்கு ஆலோசகர்; நீதிமன்ற ஆணையோடு குற்றம் செய்த ரத்தக்காட்டேரிகளைக் கொல்லும் உரிமம் பெற்றவள். குட்டையான உருவம், கூர்மையான நாக்கு, கையில் எப்போதும் துப்பாக்கி.

இவளுக்கு ஒரு விரதம் உண்டு: கல்யாணத்துக்கு முன் உறவு இல்லை. கல்லூரிக் காலத்தில் நிச்சயித்தவன், அவள் தாய்வழி மெக்சிகோ வம்சம் என்பது தன் வீட்டாருக்குப் பிடிக்காததால் கைவிட்டுப் போனான். அந்தக் காயத்தின்மேல் கட்டிய விரதம். அவளைச் சுற்றி இருவர். ஒருவன் ழான்-க்ளோத், நகரத்தின் ரத்தக்காட்டேரித் தலைவன், இரவு விடுதிகளின் உரிமையாளன். மற்றவன் ரிச்சர்ட், பள்ளியில் அறிவியல் ஆசிரியன், பௌர்ணமியில் ஓநாயாக மாறுகிறவன். ஐந்து பாகங்கள் அவள் 'வேண்டாம்' என்றே சொல்கிறாள். கொலை வழக்குகள் வந்து முடிகின்றன. முடியாமல் தொடரும் வழக்கு அந்த 'வேண்டாம்'.

1997-ல் வந்த ஆறாம் பாகம் 'தி கில்லிங் டான்ஸ்' அதை முடித்துவைக்கிறது. ரிச்சர்ட் ஓநாய்க் கூட்டத்தின் பழைய தலைவனைக் கொன்று உண்பதை நேரில் பார்த்த அனிட்டா, நடுங்கிப்போய் ழான்-க்ளோத்திடம் ஓடுகிறாள். மனிதனாக நடந்துகொண்டவன் மிருகமாகத் தெரிந்த இரவில், பிணமென்று அவள் இகழ்ந்தவனிடம் அடைக்கலம். இந்த வரிசையின் மிகச் சிறந்த காமக் காட்சி இதுதான் என்றால், அதில் வருணனையின் பங்கு கொஞ்சம். அனிட்டா ஏன் இத்தனை நாள் மறுத்தாள், இன்று ஏன் மறுக்கவில்லை என்ற இரண்டுக்கும் பதில் அங்கே இருக்கிறது. ஐந்து பாகம் சேர்த்த கனம் ஒரே இரவில் செலவாகிறது.

அதன் பிறகு கல்லாப்பெட்டி காலி. ஏழு, எட்டாம் பாகங்கள் மூவருக்கிடையிலான இழுபறியில் தாக்குப்பிடித்தன. 2000-ல் முதல்முறையாகக் கெட்டி அட்டைப் பதிப்பில் வந்த ஒன்பதாம் பாகம் 'ஒப்சிடியன் பட்டர்ஃபிளை', காதலர்கள் இருவரையும் ஊரில் விட்டுவிட்டு அனிட்டாவை நியூ மெக்சிகோவுக்கு ஒரு கொடூரக் கொலை வழக்குக்கு அனுப்பியது. பழைய வாசகர்களில் பலர் இன்றும் உயர்த்திப் பேசும் பாகம் அது. அடுத்த ஆண்டு வந்தது 'நார்சிசஸ் இன் செயின்ஸ்'.

பத்தாம் பாகமான இதில் அனிட்டாவுக்கு 'ஆர்டூர்' என்றொரு வேட்கை தொற்றுகிறது. ழான்-க்ளோத்தோடு உள்ள மந்திரப் பிணைப்பின் வழியாக வந்த பசி. உணவால் தீராது, உறவால்தான் தீரும். தீர்க்காவிட்டால் அவளுக்கும் அவளோடு பிணைக்கப்பட்டவர்களுக்கும் ஆபத்து. எழுத்துத் தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது ஒரே கல்லில் விழுந்த மூன்று மாங்காய். எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் காமக் காட்சி வைக்கலாம். புதுப்புது ஆண்களைக் கொண்டுவரலாம். விரதம் காத்த பெண் என்ற பழைய பிம்பத்தையும் முற்றாகக் கலைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் இது அவள் விருப்பம் அல்லவே.

பிரச்சினையும் அங்கேதான். முன்பு 'வேண்டாம்' என்பது அவள் எடுத்த முடிவு. இப்போது 'வேண்டும்' என்பதுகூட அவள் முடிவாக இல்லை. காரணம் தேவைப்படாத செயலில் பாத்திரம் வெளிப்படாது. இசைவு என்பதும் மங்கிவிடுகிறது. மைக்கா என்ற சிறுத்தை மனிதனோடு அவளுக்கு நேரும் முதல் உறவு அந்த வேட்கையின் பிடியில் நிகழ்கிறது. அங்கே யார் யாருக்கு இசைந்தார்கள் என்ற கேள்வி வாசகர்களிடையே ஓயவில்லை. நார்மன் 'இயல்பு' என்ற பெயரில் மறுப்பை அழித்தார். ஹாமில்டன் அதே வேலையை 'தேவை' என்ற பெயரில், நாயகியின் பக்கம் நின்றே செய்துவிட்டார்.

2004-ல் வந்த தடித்த நாவலான 'இன்கியூபஸ் டிரீம்ஸ்' இந்தக் கட்டத்தின் உச்சம். தொடர்கொலை வழக்கு ஒன்று அதில் உண்டு. படுக்கையறைக் காட்சிகளுக்கும் அவற்றைப் பற்றிய உரையாடல்களுக்கும் நடுவில் அது நீண்ட நேரம் காணாமல் போய்விடுகிறது. நாவல் தடித்ததற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. துப்பறியும் கதையில் ஒரு பாகத்துச் சந்தேகநபர்கள் அடுத்த பாகத்துக்கு வரமாட்டார்கள். இங்கே காதலர்கள் போவதில்லை, சேருகிறார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்த பிறகு ஒவ்வொருவருக்கும் மனக்குறை, பொறாமை, பங்கு, பேச்சு. யார் எங்கே தூங்குவது, யார் புறக்கணிக்கப்பட்டதாக உணர்கிறார்கள், விருந்துக்கு யாரைக் கூட்டிப்போவது என்று பக்கங்கள் நகர்கின்றன. ரத்தக்காட்டேரிகளும் ஓநாய்களும் திரிந்த கதை, பாகம் கூடக்கூட ஒரு கூட்டுக்குடும்ப நாவலாகிவிட்டது.

இந்த மாற்றத்தைச் சரிவு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. பிற்காலப் பாகங்களில் பலரோடு ஒளிவுமறைவின்றி வாழ்வதன் நடைமுறைகளை ஹாமில்டன் பொறுமையாக எழுதுகிறார்: எல்லைகளைப் பேசித் தீர்ப்பது, மன ஆலோசகரிடம் போவது, ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்கு ஏன் சரியில்லை என்று கேட்பது. வேட்கை விழுங்கிய மறுப்பு, பேச்சுவார்த்தையாகச் சிறிய அளவில் திரும்பி வருகிறது. வெகுஜனப் புனைவில் இந்த வாழ்க்கைமுறையை இவ்வளவு பாகங்களுக்கு எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. 2009-ல் 'ஸ்கின் டிரேட்', 2011-ல் 'ஹிட் லிஸ்ட்' எனக் குற்றக் கதைக்குத் திரும்பும் முயற்சிகளும் உண்டு. 2015-ல் 'டெட் ஐஸ்' நாவலில் அனிட்டாவுக்கும் ழான்-க்ளோத்துக்கும் நிச்சயமாகிவிட்டது. தலைப்புகளிலும் இந்தப் போக்கு தெரியும். தொடக்க கால நாவல்கள் பெரும்பாலும் கதையில் வரும் ஒரு விடுதி, உணவகம், கேளிக்கைக் கூடத்தின் பெயரைத் தாங்கியவை. வாசகர் ஓர் ஊருக்குள் நுழைந்தார். பின்னால் 'மைக்கா', 'ஜேசன்', 'ரஃபேல்' என்று ஆண்களின் பெயரிலேயே நாவல்கள் வந்தன.

ஹாமில்டனின் இன்னொரு வரிசையோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். 2000-ல் தொடங்கிய 'மெரி ஜென்ட்ரி' வரிசை முதல் பாகத்திலிருந்தே வெளிப்படையான காமப் புனைவு. தேவதை இன இளவரசியான மெரி கருவுற்றால் அரியணைக்கு உரியவள். அதனால் உறவு கொள்வது அவளுக்கு அரசியல் கடமை. மறுப்பு என்ற தடை தொடக்கத்திலேயே இல்லை. அதற்குப் பதிலாக ஓர் இலக்கு இருந்தது. 2007-ல் வந்த பாகத்தில் மெரி கருவுற்றாள். 2008-ல் அரியணைக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. 2009-ல் ஒன்று, ஐந்தாண்டு கழித்து 2014-ல் இன்னொன்று, அதோடு நின்றது. தடையும் இலக்கும் இல்லாமல் காமத்தால் மட்டும் ஒரு வரிசை நகராது என்பதற்கு ஒரே எழுத்தாளரிடம் இரண்டு சான்றுகள்.

ஃபிஃப்டி ஷேட்ஸ்: கையெழுத்தாகாத ஒப்பந்தம்

ஈ. எல். ஜேம்ஸ் லண்டனில் தொலைக்காட்சித் துறையில் இருந்தவர். ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' நாவல்களின் ரசிகையாக, அதே பாத்திரங்களை வைத்து அத்தியாயம் அத்தியாயமாக எழுதிய தொடர்கதையே பெயர்கள் மாறி 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' ஆயிற்று. 2011-ல் ஓர் ஆஸ்திரேலியச் சிறு பதிப்பகம் அதை மின்நூலாகவும் கேட்டால் அச்சிட்டுத் தரும் பதிப்பாகவும் வெளியிட்டது. 2012-ல் விண்டேஜ் நிறுவனம் உரிமை வாங்கியது. மூன்று பாகங்களும் சேர்ந்து உலகெங்கும் 15 கோடிப் பிரதிகளைக் கடந்தன. 'ட்விலைட்' வரிசையில் கல்யாணம் வரை நெருங்காமல் தள்ளி நிற்கிறவன் ரத்தக்காட்டேரிக் காதலன். ஜேம்ஸ் கோரைப்பற்களை எடுத்துவிட்டார். தடையை மட்டும் வேறு வடிவில் வைத்துக்கொண்டார்.

அந்த வடிவம் ஓர் ஒப்பந்தம். கோடீஸ்வரன் கிறிஸ்டியன் கிரே, கல்லூரிப் படிப்பை முடிக்கும் அனஸ்டேசியா ஸ்டீலிடம் ஆளுதல்-பணிதல் உறவுக்கான விதிகளை எழுத்தில் நீட்டுகிறான். எது அனுமதி, எது கூடாது, எப்போது நிறுத்தலாம் என்று உட்பிரிவுகளோடு அது முதல் பாகத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது. அவள் படிக்கிறாள், கேள்வி கேட்கிறாள், சிலவற்றை அடிக்கச் சொல்கிறாள். கையெழுத்து மட்டும் போடுவதில்லை. நடையைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், இது நல்ல புனைவு உத்தி. சட்டக் காகிதம் ஒன்று காதல் கடிதத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு உட்பிரிவும் ஒரு மறுப்புக்கான வாய்ப்பு. பாகத்தின் கடைசியில் அவன் இடைவாரால் அடிக்கிறான். அவள் விட்டுவிட்டுப் போகிறாள். மூன்று பாகங்களிலும் அவள் சொல்லும் மிக உரத்த 'வேண்டாம்' அதுதான்.

இரண்டாம் பாகம் 'டார்க்கர்' தொடங்கிச் சில நாட்களிலேயே இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். விதிகள் வேண்டாமென்று அவனே விட்டுக்கொடுக்கிறான். ஒப்பந்தம் கதையிலிருந்து கழன்றதும் தடைகள் வெளியே இருந்து வரவேண்டியதாயிற்று: துப்பாக்கியோடு அலையும் பழைய தோழி, அத்துமீறும் மேலதிகாரி, ஹெலிகாப்டர் விபத்து. மூன்றாம் பாகம் 'ஃப்ரீட்' நாவலில் தேனிலவு, கர்ப்பம், ஆட்கடத்தல், பணயத் தொகை. காமக் காட்சிகளின் எண்ணிக்கை குறையவில்லை. அவற்றால் எதுவும் மாறுவதில்லை. அவை சண்டைக்குப் பிந்தைய சமாதானமாகவும் பணக்கார வாழ்வின் அலங்காரமாகவும் ஆகிவிட்டன. இப்படிப்பட்ட உறவைத் தாமே விரும்பித் தேர்ந்து வாழ்கிறவர்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. கிறிஸ்டியனின் நாட்டம் சிறுவயதுக் காயத்தின் நோய்க்குறியாகவும், நல்ல மனைவி வந்தால் குணமாகக்கூடியதாகவும் காட்டப்பட்டுவிட்டது. அவன் அவளைப் பின்தொடர்வதையும் வேவு பார்ப்பதையும் காதலாகவே கதை எடுத்துக்கொள்கிறது.

கல்யாணமும் குழந்தைகளும் வந்த பிறகு நான்காம் பாகத்தில் ஜேம்ஸ் எங்கே போவார்? முன்னால் போகவில்லை. 2015-ல் வந்த 'கிரே', முதல் பாகத்தின் கதையைக் கிறிஸ்டியனின் வாயால் மறுபடி சொன்னது. அமெரிக்காவில் முதல் நான்கு நாளிலேயே 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2017-ல் இரண்டாம் பாகமும் 2021-ல் மூன்றாம் பாகமும் அவன் பார்வையில் வந்தன. வியாபாரக் கணக்கு என்பது சரிதான். ஆனால் கணக்குப் போட்டவர்கள் எந்த இடத்துக்குத் திரும்பினார்கள் என்பதும் முக்கியம். காகிதத்தில் கையெழுத்து விழாமல் இருந்த அந்தச் சில வாரங்களுக்கே திரும்பினார்கள். எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் அந்த மறுப்பு இன்னொருமுறை புதிதாகத் தெரியும் என்பது கணக்கு.

வாசகர் எதற்காகத் தங்குகிறார்

மூன்று வரிசைகளும் இசைவுக்கு மூன்று மாற்றுகளைத் தேடின: நார்மனுக்கு இயல்பு, ஹாமில்டனுக்கு தேவை, ஜேம்ஸுக்கு ஆவணம். ஆவணம் கையெழுத்தாகாதவரை உயிரோடிருந்தது; கைவிடப்பட்டதும் கதை வேறு வகைக்குத் தாவியது. தேவை, இருபது ஆண்டுகளில் குடும்பப் பேச்சுவார்த்தையாகக் கனிந்தது. இயல்பு மட்டும் எங்கும் நகரவில்லை. பதில் முன்பே தெரிந்த கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு மறுப்புரை உண்டு. திரும்பத் திரும்ப ஒன்றையே பெறுவதுதான் இந்த வகை வாசிப்பின் இன்பம். பாத்திர வளர்ச்சி, தடை, இலக்கு என்பதெல்லாம் இலக்கிய விமர்சகரின் கவலை என்று சொல்லலாம். விற்பனை ஓரளவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அலுத்துக்கொண்டே அடுத்த பாகத்தை வாங்கிய வாசகர்கள் 'அனிட்டா பிளேக்' வரிசைக்கு ஏராளம். வருணனைக்காக மட்டும் வந்தவருக்கு அலுக்க வேண்டியதில்லை. வருணனை கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. அவர்கள் அலுத்தது, முன்பு தன் முடிவுகளைத் தானே எடுத்த ஒருத்தியைக் காணோம் என்பதால். அவள் எப்போதாவது திரும்புவாள் என்றுதான் வாங்கினார்கள்.

ஆகவே ஒரு நீண்ட காமப் புனைவு வரிசையை மதிப்பிட, எவ்வளவு துணிந்து எழுதியிருக்கிறது என்று பார்ப்பதால் பயனில்லை. பத்தாம் பாகத்தை எடுத்து, அதில் யாராவது 'வேண்டாம்' என்று சொன்னால் கதை திசை மாறுமா என்று பார்த்தால் போதும். மாறும் என்றால் அங்கே இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் 'வேண்டும்' என்பதற்கும் பொருள் இருக்கிறது. மாறாது என்றால், எத்தனை பாகம் வந்தாலும், அந்த வரிசை தன் கடைசி நாவலை எப்போதோ எழுதிவிட்டது.